வாயில்லாச் சீவன்களுக்கு நாம் பட்ட கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



முன்னைய ஆண்டுகளில் இம்மேடையில் நாம் பேசியவை பெரும்பாலும் நாயன்மார் வரலாற்றையோ எமது கோயில் வழக்கங்களையோ தழுவியவை. இம்முறை சங்கச் செயலாளர் எம்மிடம் வந்து, "ஐயா, விலங்குகளின் நோயை ஆராய்வதற்கு விலங்குகளையே பரிசோதனைக்கு ஆளாக்குவது தருமமா? இதைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார். ஆண்டு விழாவுக்கு இஃது என்ன பொருள் என்று முதலில் திகைத்தோம். காரணத்தைக் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை.

காரணம் இதுதான். எமது சங்கத்து உறுப்பினரான ஒரு தம்பிக்குப் பேராதனையில் மிருக வைத்தியம் பயில இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பாட்டியார் ஒருவருக்கு மாத்திரம் இல்லை. "உயிரை வதைச்சுப் படிக்கிற படிப்பு எங்களுக்கு வேண்டாம் மோனை. மச்சம் புழங்காத வீடு இது" என்று சொல்லிவிட்டார். தம்பி மறுமொழி சொல்ல இயலாமல் நின்றார். அவருக்கும் உள்ளூர அதே ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைத்தான் செயலாளர் எம்மிடம் கொண்டு வந்தார்.

அந்த மூதாட்டியாரின் சொல்லை அறியாமை என்று தள்ளிவிட நாம் வரவில்லை. அது அறத்தின் பால் நின்று எழுந்த கேள்வி. திருவள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரமும், புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும், கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கோயிலில் ஆடு வெட்டுவதைக் கண்டித்த ஆறுமுக நாவலர் பிறந்த மண் இது. பலிபீடத்தில் ஆடு வெட்டக்கூடாது என்று சொன்ன நாம், ஆராய்ச்சிச்சாலையில் அதே ஆடு சாவதைக் கண்டு வாளாவிருக்கலாமா? இக்கேள்விக்கு விடை காணாமல் ஒருவன் மிருக வைத்தியனாவதும் நன்றன்று. விடை காணாமல் அந்தப் படிப்பைக் கைவிடுவதும் நன்றன்று.

பொதுப்படப் பேசினால் இருபக்கமும் அழகாகப் பேசலாம். ஆதலின் ஒரே ஒரு நோயின் வரலாற்றை எடுத்துக் கொள்வோம். மாட்டுக் கொள்ளைநோய் என்பது அது. ஆங்கில வைத்தியர் ரின்டர்பெஸ்ட் என்பர். தமிழ்நாட்டு உழவர் வெக்கை என்றனர். காய்ச்சல் எழும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாய் முழுதும் புண்ணாகும், பின்னர் கடும் வயிற்றோட்டம் உண்டாகி, ஒரு கிழமை, ஒன்றரைக் கிழமைக்குள் மாடு விழுந்துவிடும். புதிதாக நுழைந்த ஊரில் பட்டியில் பத்து மாடு நின்றால் எட்டோ ஒன்பதோ போய்விடும்.

இந்நோயின் கொடுமைக்கு ஆபிரிக்கக் கண்டமே சாட்சி. 1880 களின் இறுதியில் செங்கடற் கரையோரமாக அது அங்கே நுழைந்தது. 1897 ஆம் ஆண்டளவில் கண்டத்தின் தென்முனையை எட்டிவிட்டது. சென்ற இடமெங்கும் மாடுகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு மாண்டன. காட்டெருமைகளும் மாண்டன. எதியோப்பியாவில் உழுவதற்கு எருதில்லை, விளைச்சல் இல்லை, 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினர் இறந்தனர் என்று மதிப்பிடுகின்றனர். மாடு என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. அதன் உண்மையை எதியோப்பியாவின் உழவர் தம் உயிரைக் கொடுத்துக் கற்றனர்.

ஐரோப்பாவும் இதற்குத் தப்பவில்லை. பிரான்சு தேசத்தின் லியோன் நகரில் 1761 ஆம் ஆண்டில் குளோட் பூர்ஜெலா என்பவர் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவ அனுமதி பெற்றதற்கு இந்நோயின் அச்சமும் ஒரு காரணம். தம்பி பயிலப் போகின்ற அந்தப் படிப்பு பிறந்ததே மாட்டின் துயரத்தைக் கண்டுதான் என்பதைப் பாட்டியாருக்கு முதலிற் சொல்லலாம்.

இனி, இந்நோயை மனிதர் எப்படி வென்றார்கள் என்று பார்ப்போம். இங்கேதான் எமது கேள்வி முள்ளாகக் குத்துகிறது.

இந்தியாவில் 1889 ஆம் ஆண்டில் பூனாவில் ஓர் ஆராய்ச்சிச்சாலை தொடங்கப்பட்டது. நோயை வைத்துக்கொண்டு ஆராய்வது ஊருக்கு ஆபத்தாகையால் 1893 இல் அதனை இமயமலைச் சாரலில் குமாவுன் பகுதியிலுள்ள முக்தேசுவரத்துக்குக் கொண்டு சென்றார்கள். சிவன் கோயிலொன்றின் பெயரைத் தாங்கிய மலை அது. அந்த மலையில் வளர்ந்த மாடுகள் இந்நோய்க்கு மிக எளிதில் ஆளாவன. அதனாலேயே அவை ஆராய்ச்சிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. நோய்க்கிருமியை உயிரோடு வைத்திருக்க அக்காலத்தில் வேறு வழி இல்லை. ஒரு மாட்டின் குருதியை மற்றொரு மாட்டுக்கு ஏற்றி, அது நோயுற்றதும் அதன் குருதியை அடுத்ததற்கு ஏற்றி, இப்படியே தொடரவேண்டும். எளிதில் நோவுறும் தன்மை எந்த உயிருக்கு உண்டோ அந்த உயிரே இதற்கு உகந்ததாயிற்று. இதைச் சொல்லும்போது எமக்கே நா கூசுகிறது. ஆயினும் மறைக்கலாகாது.

1896 ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் பேர்பெற்ற விஞ்ஞானி ரொபேட் கொக் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகருக்கு வந்தார். இந்நோயால் இறந்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஊசியாக ஏற்றினால் அது நோயைத் தாங்கும் வலிமை பெறுவதை 1897 இல் அறிவித்தார். பின்னர் நோய் கண்டு பிழைத்த மாடுகளின் குருதியினின்று எடுத்த நீர்ப்பகுதியைப் பயன்படுத்தும் முறை வந்தது. இம்முறைகளால் பல மாடுகள் பிழைத்தன. ஊசியினாலேயே நோயுற்று இறந்தவையும் உண்டு.

1920 களில் முக்தேசுவரத்தில் எட்வேட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு வழி கண்டார். கிருமியை மாட்டிலிருந்து எடுத்து ஆட்டுக்கு ஏற்றினார். அந்த ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. இப்படி நூற்றுக்கணக்கான முறை ஆட்டின் உடலுக்குள்ளேயே கடத்திய பின் அக்கிருமி மாட்டைக் கொல்லும் வலிமை குன்றி, மாட்டுக்குக் காப்பளிக்கும் மருந்தாக மாறியது. நோயுற்ற ஆட்டைக் கொன்று அதன் மண்ணீரலை எடுத்து உலர்த்தி ஊசிமருந்தாக்கினார்கள். இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் எத்தனையோ மாடுகளைக் காத்தது அந்த மருந்து. இதேபோன்று 1930 களில் கொரியாவில் நாகமுரா என்னும் ஜப்பானியர் முயல்களைக் கொண்டு ஒரு மருந்து ஆக்கினார். மாட்டுக்காக ஆடும் முயலும் உயிர் கொடுத்தன.

மருந்து ஆக்கினால் போதுமா? அது பலிக்கிறதா என்று அறிய வேண்டும். அதற்கு என்ன செய்வார்கள்? ஊசி போட்ட மாடுகள் சிலவற்றையும் ஊசி போடாத மாடுகள் சிலவற்றையும் ஒருங்கே நிறுத்தி, எல்லாவற்றுக்கும் கொல்லும் நோயை ஏற்றுவார்கள். ஊசி போட்டவை நிற்கும், போடாதவை விழும். மருந்து நல்லதென்பது அந்தப் போடாத மாட்டின் சாவினாலே தெரியவரும். கையில் மருந்து இருந்தும், அது சாகவேண்டும் என்பதற்காகவே அதற்கு மருந்து கொடாமல் வைத்திருக்கிறார்கள். அன்பர்களே, பாட்டியார் கேட்ட கேள்வியின் உயிர்நிலை இந்த ஒரு மாடுதான். இதைக் கண்ணெதிரே நிறுத்திக்கொண்டு பேசுகிறவனே இவ்விடயத்தில் பேசத் தகுந்தவன்.

சிறு பிராயத்தில் எமது வீட்டுக் கொட்டிலில் ஒரு சிவத்தப் பசு நின்றது. ஒரு மாரியில் காலும் வாயும் புண்ணாகும் நோய் ஊரெங்கும் வந்தது. கன்று பால் குடிக்க முட்டும், மடியிலும் புண், தாய் உதைத்துத் தள்ளும், தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கதறும். அப்பு மஞ்சளும் உப்பும் வேப்பெண்ணெயும் தடவினார். கொட்டில் வாசலில் வேப்பிலை கட்டினார். எம் ஆச்சி நேர்த்தி வைத்தார். பசு பிழைத்தது, கன்று போய்விட்டது. அந்த இரவுகளில் எமக்கு இரக்கம் குறைவில்லாமல் இருந்தது, அறிவுதான் இருக்கவில்லை. இரக்கம் ஒன்றே நோயைத் தீர்க்குமாயின் அந்தக் கன்று வாழ்ந்திருக்கும்.

இனி இருவகையான எளிய விடைகள் உள. இரண்டையும் தள்ளவேண்டும் என்பது எமது கருத்து.

முதல் விடை: "விலங்குகள் மனிதனுக்காகவே படைக்கப்பட்டவை, அவற்றை எதுவும் செய்யலாம்" என்பது. எமது சமயமரபு இதனை ஒருபோதும் ஏற்காது. சைவசித்தாந்தம் பசு என்ற ஒரே சொல்லால் ஆவையும் சுட்டும், ஆன்மாவையும் சுட்டும். கட்டுண்டது என்ற வகையில் கொட்டிலில் நிற்கும் மாடும் அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதனும் ஓரினம். அதன் நோவு நோவே. அது வாய் திறந்து சொல்லாமையால் குறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது விடை: "எந்த உயிரையும் எக்காரணத்துக்கும் தொடலாகாது; நோய் வந்தால் அது விதி" என்பது. கேட்பதற்கு இது தூய்மையாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் மாடு வாயிற் புண்ணோடு துடித்துச் சாகும்போது, அறிந்துகொள்ளக்கூடிய மருந்தை அறியாமல் கைகட்டி நிற்பதும் ஒரு செயலே. அந்தச் சாவில் நமக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. 1928 ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயால் துடித்தது. வைத்தியர் கைவிட்டனர். காந்தியடிகள் நெடிது சிந்தித்து, ஊசிமருந்தினால் அதன் உயிரை அமைதியாக நீக்கச் செய்தார். அகிம்சையின் தந்தை கன்றைக் கொன்றார் என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் தாம் செய்தது அகிம்சையே என்று எழுதி நின்றார். அதே காந்தியடிகள் உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்வதை வன்மையாகக் கண்டித்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் பெயரை இருதிறத்தாரும் தத்தமக்கு வேண்டியவாறு இழுத்துக்கொள்ளலாகாது. கைபடாமல் இருப்பது மாத்திரம் அகிம்சை ஆகிவிடாது என்பதும், கைவைப்பவன் தன் நெஞ்சுக்கு மிகக் கடுமையான கணக்குக் காட்டவேண்டும் என்பதும் அவரது வாழ்வினின்று நாம் பெறும் இரு பாடங்கள்.

"மாட்டின் நோய்க்கு மாட்டையே ஆராய்கிறோம், மனிதனுக்காக அன்றே, ஆகையால் குற்றம் குறைவு" என்று சிலர் சொல்வர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஓர் இனத்தின் துன்பத்தைப் போக்க அவ்வினத்தையே அறியவேண்டியிருப்பது இயல்பு. ஆனால் இரண்டு இடத்தில் இவ்வாதம் நொண்டுகிறது. நோவுற்ற மாடு வேறு. பயன் பெற்ற மாடு வேறு. செத்த மாட்டுக்கு அதன் இனம் பிழைத்ததால் வந்த ஆறுதல் என்ன? மேலும், காப்பாற்றிய மாட்டை நாம் உழவுக்குப் பூட்டினோம், பாலைக் கறந்தோம், பல நாடுகளில் இறைச்சிக்கும் அனுப்பினார்கள். மாட்டுக்காகச் செய்தோம் என்று சொல்வதில் பாதி நமக்காகச் செய்ததே. இதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை.

சிபிச் சக்கரவர்த்தியின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. புறாவைக் காக்க வேண்டும்; பருந்தின் பசியும் தீரவேண்டும். அரசன் என்ன செய்தான்? தன் தொடையின் தசையை அரிந்து தராசில் இட்டான். பக்கத்திலே நின்ற ஆட்டின் தசையை அரியவில்லை. பசுக்கன்றின் மீது தன் மகன் தேரேற்றியதற்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதி கண்ட சோழன் கதையும் அப்படியே. அதே கதையை மகாவம்சம் அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. இக்கதைகளில் எல்லாம் அறத்தின் விலையைச் செலுத்துபவன் அறம் செய்பவனே. ஆராய்ச்சியிலோ விலையைச் செலுத்துவது ஆடும் மாடும். புகழ் பெறுவது நாம். ஆகையால் சிபியின் பெயரை ஆராய்ச்சிக்காரன் சொல்லிக்கொள்ள முடியாது. அவன் தன்னைக் கடன்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம். கடன் என்பதுதான் இதற்குப் பொருத்தமான சொல் என்பது எமது துணிபு. கடன் வாங்குவது பாவம் அன்று. தேவையின்றி வாங்குவதும், வாங்கியதை வீணாக்குவதும், வாங்கியதை மறந்துவிடுவதும் பாவம்.

அப்படியாயின் கடனைக் குறைப்பது எங்ஙனம்? 1959 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரசல், பேர்ச் என்னும் இருவர் ஒரு நூலில் இதற்கு மூன்று வழி சொன்னார்கள். உயிருள்ள விலங்குக்குப் பதில் வேறொன்றைக் கொண்டு ஆராய முடியுமாயின் அப்படியே செய்க. முடியாவிடின் எண்ணிக்கையை இயன்ற அளவு குறைக்க. அதுவும் செய்தபின், எஞ்சிய விலங்கின் நோவை இயன்ற அளவு தணிக்க. இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச்சாலைகளில் இம்மூன்றும் அடிப்படை விதிகளாக உள்ளன.

இவை வெறும் ஏட்டு வாசகங்களா என்று கேட்பீர்கள். கொள்ளைநோயின் கதையே விடை தரும். கென்யா நாட்டில் முகுகா என்னும் இடத்து ஆராய்ச்சி நிலையத்தில் வோல்டர் பிளவ்ரைட் என்ற மிருக வைத்தியர் 1950 களின் பிற்பகுதியில் பணி செய்தார். கன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அவற்றுள் கிருமியைத் திரும்பத் திரும்பக் கடத்தி அதன் வலிமையைக் குறைத்தார். முன்பு ஆட்டின் உடலுக்குள் நிகழ்ந்தது இப்போது கண்ணாடிக்குள் நிகழ்ந்தது. ஒரு கன்றின் உயிரணுவிலிருந்து மிகப் பல மாடுகளுக்கு மருந்து கிடைத்தது. அம்மருந்து மலிவானது, எல்லா இன மாட்டுக்கும் ஏற்றது, வாழ்நாள் முழுவதும் காப்பது. அத்தோடு, மாட்டின் குருதியில் ஒரு துளியை எடுத்து, அது கிருமியை அடக்குகிறதா என்று அதே கண்ணாடிப் பாத்திரத்திற் பார்த்தே அம்மாடு காப்புப் பெற்றதா என்று அறியும் வழியும் வந்தது. சற்றுமுன் நாம் சொன்னோமே, ஊசி போடாமல் சாகவிட்ட மாடு, அதன் வேலையைப் பெருமளவுக்கு ஒரு துளிக் குருதி ஏற்றுக்கொண்டது. அன்பர்களே, அறமும் விஞ்ஞானமும் பகையென்று நினைப்பவர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். நோவைக் குறைத்த முறையே சிறந்த மருந்தையும் தந்தது.

சட்டமும் வேண்டும். 1876 ஆம் ஆண்டில் பிரித்தானியா இத்துறையில் முதற் சட்டத்தை இயற்றியது. எமது நாட்டில் விலங்குக் கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டில் வந்தது. இந்தியாவில் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டவர் நாட்டியக் கலைக்குப் பெயர்பெற்ற ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். மேல்சபை உறுப்பினராக இருந்து அவர் தனிமசோதா கொண்டுவந்தார். பின் அரசாங்கமே சட்டம் இயற்றியது. அச்சட்டம் ஆராய்ச்சியை முற்றாகத் தடுக்கவில்லை. வேறு வழி இருக்குமிடத்து விலங்கைத் தொடாதே. தொட்டால் மயக்க மருந்து கொடு. சிறு பிராணி போதுமான இடத்தில் பெரிய பிராணியை எடுக்காதே. வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்காதே என்பன போன்ற நிபந்தனைகளை வகுத்தது. ஆடலரங்கில் மானாகவும் மயிலாகவும் அபிநயம் காட்டியவர்களின் ஆசிரியை உண்மையான மானுக்கும் மயிலுக்கும் வாதாடினார் என்பது கலைஞர் யாவரும் நினைக்கத் தக்கது.

கதையின் முடிவைச் சொல்லவேண்டாமா? பிளவ்ரைட்டின் மருந்தைக் கொண்டு 1960 களில் ஆபிரிக்காவில் பெருமுயற்சி நடந்தது. நோய் ஒடுங்கியது. ஒடுங்கியதும் அலட்சியம் வந்தது. ஊசி போடுவது தளர்ந்தது. 1980 களில் நோய் மீண்டும் தலைவிரித்தாடியது. எமது இலங்கையும் இதற்கு விலக்கல்ல. நெடுங்காலம் நோயற்றிருந்த இத்தீவில் 1987 ஆம் ஆண்டில் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் அது மறுபடியும் நுழைந்தது. கடல் கடந்து வந்த ஆடுகளோடு வந்திருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. யுத்தத்தின் நடுவே மனிதரே ஒதுங்க இடமின்றித் தவித்த காலத்தில் மாட்டுக்கு ஊசி போட யார் எங்கே போவது? ஆயினும் அந்நோயும் அடக்கப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் உலக உணவு விவசாய நிறுவனம் இந்நோயை அடியோடு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கடைசியாக 2001 ஆம் ஆண்டில் கென்யாவின் மேரு வனத்துக் காட்டெருமைகளில் அது காணப்பட்டது. பிளவ்ரைட் 2010 இல் காலமானார். மறு ஆண்டு, 2011 இல், மாட்டுக் கொள்ளைநோய் உலகை விட்டு நீங்கியது என்று அறிவிக்கப்பட்டது. மனிதர் உலகத்திலிருந்தே நீக்கிய நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றது இது.

நோய் நீங்கியபின் அதன் உயிர்க்கிருமியைக் கொண்டு ஆராய்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. இங்கிலாந்தின் பேர்பிரைட் நிலையம் தன்னிடமிருந்த பெருந்தொகையான கிருமிச் சேமிப்பை, அதன் அமைப்பை எழுத்திற் பதிந்துகொண்டு, 2019 ஆம் ஆண்டில் அழித்துவிட்டது. முக்தேசுவரத்தில் தொடங்கிய அந்த மாட்டுக்குருதிச் சங்கிலி அறுந்தது. இந்நோய்க்காக ஒரு மாட்டையும் ஒரு ஆட்டையும் இனி நோவுறச் செய்யவேண்டியதில்லை. நன்றாகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி தன்னையே வேண்டாததாக்கிக்கொண்டு முடியும். இதனை ஒரு உரைகல்லாகக் கொள்ளலாம். எந்த ஆராய்ச்சி முடிவை நோக்கிப் போகாமல், ஒரு பட்டத்துக்காகவும் ஒரு பதவிக்காகவும் செய்ததையே திரும்பச் செய்து விலங்கைக் கொல்கிறதோ, அந்த ஆராய்ச்சிச்சாலை பலிபீடந்தான். நாவலர் அவர்கள் இன்றிருந்தால் அதையும் கண்டித்திருப்பார்.

ஆயினும் கடன் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மாட்டுக்காக மாண்ட ஆட்டுக்கு நாம் என்ன செய்தோம்? கொள்ளைநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான இன்னொரு கிருமி ஆடுகளைக் கொல்கிறது. ஆட்டுக் கொள்ளைநோய் என்று அதனைச் சொல்லலாம். 1942 இல் மேற்கு ஆபிரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்டது. 1987 இல் தமிழ்நாட்டில் இனங்காணப்பட்டது. மாடு வைத்திருக்க வசதியில்லாத ஏழையின் செல்வம் ஆடு. மாட்டு நோயை முதலில் ஒழித்த உலகம் ஆட்டு நோயைப் பின்னுக்கு விட்டது. 2030 ஆம் ஆண்டுக்குள் இதனையும் ஒழிப்பதென்று 2015 இல் உலக நிறுவனங்கள் இலக்கு வகுத்தன. முக்தேசுவரத்து ஆடுகளுக்குச் செலுத்தவேண்டிய கடனில் இதுவே முதல் தவணை என்று நாம் எண்ணுகிறோம்.

இளைஞர்களே, இது எங்கோ ஆராய்ச்சிச்சாலையில் உள்ளவர்களின் கடன் என்று இருந்துவிடாதீர்கள். எமது வீட்டில் பால் காய்ச்சும்போதெல்லாம் அக்கடனில் எமக்கும் பங்கு உண்டு. மிருக வைத்தியர் ஊருக்கு வந்து ஊசி போடும் நாளில் "மாடு பால் குறைந்துவிடும்" என்று பட்டியை ஒளித்து வைப்பவரை நாம் கண்டிருக்கிறோம். நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட ஒரு காலைப்பொழுதை ஒதுக்காதவரையும் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடுப்பு மருந்துக்குப் பின்னாலும் நோவுற்று மாண்ட உயிர்கள் உண்டு. அம்மருந்தைப் பெற்றும் பயன்படுத்தாதவன் அவ்வுயிர்களை இரண்டாம் முறை கொல்கிறான். மாட்டுப் பொங்கலன்று மாலை சூட்டுவது அழகு. மறுநாள் கொட்டிலைக் கழுவி, ஊசி போட்ட நாளைக் குறித்து வைப்பது அதனினும் அழகு. இவ்வாண்டில் எமது சங்கத்து உறுப்பினர் தத்தம் அயலிலுள்ள மாடு, ஆடு, நாய்களின் கணக்கை எடுத்து, தடுப்பூசிக்கு உதவினால் இவ்வுரை வீண்போகாது.

இனித் தம்பிக்கு எமது விடை. நீர் போய்ப் படியும். அங்கே ஓர் உயிர்மேல் கை வைக்கும்படி சொல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளும். இஃது இன்றியமையாததா? வேறு வழி இல்லையா? இதன் நோவைத் தணிக்க எல்லாம் செய்தாயிற்றா? கேட்பதற்கு நாணவேண்டாம். தக்க விடை கிடையாத இடத்தில் மறுக்கவும் அஞ்சவேண்டாம். உம்முடைய கை பழகப் பழக மனம் மரத்துப்போகும் ஆபத்து உண்டு. அவ்வாபத்துக்கு மருந்து உம் வீட்டிலேயே இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாட்டியாரின் காலடியில் இருந்து, நீர் அங்கே செய்ததை ஒன்றும் ஒளியாமல் சொல்லும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் செயல் எதுவோ அதனைச் செய்யாமல் விடும்.

பாட்டியாருக்கும் ஒரு விண்ணப்பம். அம்மா, உங்கள் இரக்கம் உங்கள் பேரனுக்கு நீங்கள் தரும் சீதனம். இரக்கமில்லாதவர் கையில் அந்தப் படிப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து போகும் பிள்ளையின் கையில்தான் ஊசி இருக்கவேண்டும். அவன் கையில் அகப்பட்ட மாட்டுக்கு அதுவே ஆறுதல்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க என்று வேண்டி அமைகின்றோம்.